ஊரை எழுதிய தூரிகை: ஓவியர் நந்தலால் போஸ்

சில ஆண்டுகளுக்கு முன் குடாநாட்டுப் பாடசாலையொன்றிலே நடந்த ஓவியப் போட்டிக்கு நடுவர் மூவருள் ஒருவனாக யானும் அழைக்கப்பட்டிருந்தேன். சித்திரம் எனக்குரிய துறையன்று. தமிழ் கற்பிப்பவன், வயதிற் பெரியவன் என்ற இரண்டுமே அவ்வழைப்புக்குக் காரணம். 'எங்கள் கிராமம்' என்பது மாணவர்க்குக் கொடுத்த பொருள். நீர்வண்ணத்தால் தீட்டல் வேண்டும் என்பது விதி. மேசைமீது நாற்பதுக்கு மேற்பட்ட தாள்கள் பரப்பப்பட்டிருந்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் இரண்டு மலைகள். அவற்றினிடையே எழும் ஞாயிறு. மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு. ஆற்றங்கரையிலே கிடுகு வேய்ந்த குடில். அதன் முன் ஒரு மாட்டு வண்டி. குடஞ் சுமந்து செல்லும் ஒரு பெண்.

எங்கள் நாட்டிலே மலை ஏது? கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு, பெயரிலேதான் மலை. வழுக்கியாறு என்று ஓர் ஆறும் உண்டு. அது மாரிக்கு ஓடிக் கோடைக்கு மறைவது. மாட்டு வண்டியைத் திருவிழாச் சவாரியிலன்றிக் கண்டறியாத பிள்ளைகள் அவர்கள். ஆயினும் ஒருவர் கைப்பட வரைந்ததுபோல நாற்பது பேரும் அதனையே வரைந்திருந்தனர்.

ஒரு தாள் மட்டும் வேறாக இருந்தது. பளைப் பக்கத்திலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்த ஒரு சிறுமியின் தாள் அது. தகரக் கூரையிட்ட ஒரு வீடு; கிணற்றடியிலே நீரிறைக்கும் இயந்திரம்; வேலியோரமாகத் தலையற்ற மூன்று பனைகள்; அவற்றுள் ஒன்றின் உச்சிப் பொந்திலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு கிளி. கிராமத்து அழகு இதில் இல்லை என்று உடனிருந்தோர் அதனை ஒதுக்கினர். யானும் தலையசைத்தேன். பரிசுகள் மலைக்கும் ஆற்றுக்கும் போயின.

அன்று மாலை வீடு திரும்பியபின் மனம் அமைதி கொள்ளவில்லை. ஓவியம் பற்றி என்னிடமிருந்த நூல் ஒன்றே. வங்கத்து ஓவியர் நந்தலால் போஸ் அவர்களின் சித்திரங்கள் அடங்கிய அதனை எடுத்துப் புரட்டினேன். ஒரு நாட்டின் ஊர்ப்புற வாழ்வைத் தூரிகையால் எழுதுவது எத்தகைய செயல் என்பதை அறிய விரும்புவோர் அப்பெரியாரின் வாழ்க்கையை அறிதல் வேண்டும். இக்கட்டுரை அதன்பொருட்டு எழுந்தது.

நந்தலால் 1882ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 3ஆந் திகதி, இன்றைய பீகார் மாநிலத்தைச் சேர்ந்த முங்கேர்ப் பகுதியில், கரக்பூர் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் பூர்ணசந்திரர் தர்பங்கா சமஸ்தானத்தின் சேவையில் இருந்தவர். தாயார் க்ஷேத்திரமணி அம்மையார் பொம்மை செய்வதிலும் தையல் வேலையிலும் கைதேர்ந்தவர். அவ்வம்மையாரை நந்தலால் இளமையிலேயே இழந்தார். குயவர் களிமண் பிசைவதையும், பூசைக்காலத்திலே மண்ணால் தெய்வ உருவங்கள் சமைப்பதையும் பார்த்து நிற்பதே அச்சிறுவனின் முதற் பள்ளியாயிற்று. பின்னர் உயர்தரக் கல்விக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். கல்லூரிப் படிப்பு அவருக்கு இசையவில்லை, பரீட்சையிலே தவறினார், ஒரு கல்லூரி விட்டு மற்றொன்றுக்கு மாறினார், வாணிகக் கல்வியும் சிறிது காலம் பயின்று பார்த்தார். ஈற்றில் 1905ஆம் ஆண்டளவில் கல்கத்தா அரசினர் ஓவியக் கல்லூரியை அடைந்து, அவனீந்திரநாத தாகூரின் மாணாக்கரானார். பரீட்சையில் தவறிய மாணவனைப் பயனற்றவன் என்று தள்ளிவிடும் நம்மனோர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இது.

அது வங்கம் இரண்டாகப் பிரிக்கப்பட்ட ஆண்டு. சுதேசிய உணர்ச்சி எங்கும் பொங்கி எழுந்த காலம். மேனாட்டு முறையிலே எண்ணெய் வண்ணத்தால் மெய்போலத் தீட்டுவதே ஓவியம் என்றிருந்த நிலையை மாற்ற அவனீந்திரநாதர் முனைந்தார். யப்பானிய ஓவியர் சிலர் கல்கத்தாவுக்கு வந்திருந்தபோது அவர்தம் முறைகளை அவர் கண்டறிந்தார். அதன் பயனாக, தீட்டிய தாளை நீரில் நனைத்து, மீண்டும் வண்ணமிட்டு, மீண்டும் நனைத்து, பனிமூட்டம் போன்ற மென்மையைப் பெறும் நீர்வண்ண முறையொன்று அவர் கையில் உருவாயிற்று. நந்தலால் அம்முறையைத் திறம்படக் கற்றார். அவருடைய தொடக்ககாலப் படங்கள் புராணப் பொருளன. தீப்பாயும் சதி, நஞ்சுண்ணும் சிவபிரான் ஆகியவை அவருக்குப் புகழ் தந்தன. சதியும் சிவனும் பற்றிய சித்திரத்துக்காகப் பெற்ற ஐந்நூறு ரூபா பரிசுப் பணத்தை அவர் சேமித்து வைக்கவில்லை. இந்தியத் திருத்தலங்களையும் பழைய சிற்பங்களையும் நேரிற் காணும் யாத்திரைக்குச் செலவிட்டார்.

1909ஆம் ஆண்டு இறுதியில் ஹெரிங்ஹாம் சீமாட்டியார் அஜந்தாக் குகை ஓவியங்களைப் படியெடுக்கச் சென்றபோது, உடன் சென்ற இளம் ஓவியருள் நந்தலாலும் ஒருவர். குகையின் மங்கிய ஒளியிலே பழைய கோடுகளின் வழியே தம் கையைச் செலுத்தி அவர் கற்ற பாடம் பெரிது. நீர்வண்ணத்தின் மென்பனி அவர் படங்களிலிருந்து மெல்ல மெல்ல விலகிற்று. உறுதியான கோடு அதன் இடத்தைப் பிடித்தது. நம் யாழ்ப்பாணத்துக் குடியிற் பிறந்த முத்துக்குமாரசுவாமியாரின் மைந்தர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமிக்கும் அவருக்கும் இக்காலத்தே தொடர்பு ஏற்பட்டது. நிவேதிதா அம்மையாரும் குமாரசுவாமியும் எழுதி 1913இல் வெளிவந்த இந்து, பௌத்த புராணக் கதை நூலுக்குச் சித்திரம் வரைந்தோருள் நந்தலாலும் ஒருவராவர்.

இனி அவர் வாழ்வின் திருப்பத்தைக் காண்போம். கவியரசர் இரவீந்திரநாத தாகூர் சாந்தி நிகேதனத்திலே 1919இல் கலாபவனத்தைத் தொடங்கினார். நந்தலால் அங்குச் சென்று, 1922இல் அதன் தலைமையை ஏற்று, 1951வரை அப்பணியில் இருந்தார். பீர்பூம் என்னும் அந்த மாவட்டம் செம்மண் நிலம், வெயில் கடுமையானது, கோடையிலே மெலிந்து கிடக்கும் கோபாய் ஆறு, மழைநீர் அரித்த ஓடைகள், வெளியிலே ஓங்கி நிற்கும் பனைகள், இவற்றினிடையே சந்தால் மக்களின் மண்குடில்கள். பனையும் செம்மண்ணும் நமக்கு அந்நியமல்ல. அந்நிலத்தைப் பார்த்து யாழ்ப்பாணத்தான் ஒருவன் தன் ஊரை நினையாதிருத்தல் அரிது.

புராணங்களைத் தீட்டிப் புகழ்பெற்ற கை அங்கே ஊரை எழுதத் தொடங்கிற்று. சட்டைப் பையிலே சிறு அட்டைகளை எப்போதும் வைத்திருப்பார். வழியிற் கண்ட மாடு, வேர், ஓடம், நெல் குற்றும் பெண், குடை பிடித்து நடக்கும் கிழவர் எதுவாயினும் அதில் ஏறும். பயணம் சென்ற இடங்களிலிருந்து மாணாக்கருக்கும் உறவினருக்கும் தபாலட்டைகளிலேயே படம் வரைந்து அனுப்புவார். 1924இல் கவியரசருடன் சீனத்துக்கும் யப்பானுக்கும் சென்று, அந்நாட்டார் மைக்குழம்பும் நீரும் கொண்டு ஒரே வீச்சில் மலையையும் மூங்கிலையும் எழுதும் திறத்தைக் கண்டு வந்தபின், அவ்வட்டைகளின் கோடுகள் இன்னும் சுருங்கின. சுருங்கச் சுருங்கப் பொருள் பெருகிற்று.

இவ்விடத்திலே தமிழ் மாணாக்கர் ஒன்றை நினைவுகூர்தல் தகும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து மரம், புள், விலங்கு, தொழில், பறை முதலியன கருப்பொருள் என்றும், மக்கள் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். உள்ளுறை உவமமும் இறைச்சியும் கருப்பொருளை நிலைக்களனாகக் கொண்டு பிறக்கும் என்பதும் நாம் கற்றதே. புலவன் மருதநிலத்து எருமையைச் சொல்லும்போது எருமையைத்தான் சொல்கிறான். அதனை அவன் உள்ளபடி கண்டு சொல்வதாலேயே சொல்லாத பொருளொன்று அதன் பின்னால் எழுகிறது. காணாததைச் சொன்னால் எருமையும் இல்லை, பொருளும் இல்லை. நந்தலால் ஊர்ப்புறத்தை எழுதிய முறை இதுவே. அவர் தம் படங்களிலே குறியீட்டைத் தேடிச் சென்றவரல்லர். கருப்பொருளைத் தேடிச் சென்றார். குறியீடு தானாக வந்து சேர்ந்தது.

இதற்கு மூன்று சான்றுகள் காட்டுவேன். கவியரசரின் கிராமச் சீரமைப்பு நிலையமாகிய ஸ்ரீநிகேதனத்திலே 1928இல் ஏர்மங்கலத் திருவிழா தொடங்கப்பட்டது. பெருங்கவிஞரே கலப்பையைக் கையிற் பிடித்த நிகழ்ச்சி அது. அதனை நந்தலால் அங்குள்ள சுவரிலே 1930இல் ஓவியமாக்கினார். முன்னர்த் தெய்வங்களுக்கு அமைந்த இடத்தில் இப்போது உழுமாடும் மேழியும் நின்றன. அதே 1930இல் தாகூர் குழந்தைகளுக்காக எழுதிய வங்காள அரிச்சுவடிக்குச் சித்திரம் வரைந்தவரும் அவரே. செதுக்கி அச்சிட்ட கருமையும் வெண்மையும் மட்டுமான அப்படங்களில், எழுத்துப் பழகும் குழந்தை தன் வீட்டு முற்றத்தையும் தன் ஊர் வயலையுமே கண்டது. அவ்வாண்டிலேயே காந்தியடிகள் தண்டிக்கு உப்பெடுக்க நடந்தார். கையிலே தடி, முன்னோக்கி வைத்த பாதம், கரிய பின்னிலம்: அவ்வளவே கொண்டு நந்தலால் செதுக்கிய அவ்வுருவம் ஒரு போராட்டத்தின் அடையாளமாக இன்றும் நிற்கிறது. ஊர்வழியே நடந்து செல்லும் ஒரு கிழவரை உள்ளவாறு பார்த்த கண்ணுக்கே அது கைகூடும்.

1934ஆம் ஆண்டிலே தாகூர் தம் மாணாக்கர் குழுவுடன் இலங்கைக்கு வந்தார். நந்தலால் அக்குழுவைச் சேர்ந்தவர். கொழும்பிலே சாந்தி நிகேதனத்தாரின் ஓவியக் காட்சி நடைபெற்றது. 'சாபமோசனம்' என்னும் ஆடல் நாடகமும் அரங்கேறிற்று. அக்குழு யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. அக்காலத்து நம் முன்னோர் கவியரசரைக் கண்டு மகிழ்ந்த செய்தி பல வீடுகளிலே கதையாக வழங்கி வந்தது. கவிஞரைக் கொண்டாடிய நாம், அவர் பக்கத்திலே அமைதியாக நின்ற அந்தக் கலையின் ஆசிரியரிடம் கற்கவேண்டியதைக் கற்றோமா என்பது வேறு கேள்வி.

காந்தியடிகளுக்கு நந்தலாலிடம் பெருமதிப்பு உண்டு. காங்கிரசு மகாசபையை நகரங்களிலன்றிக் கிராமங்களிலே கூட்டவேண்டும் என்ற அவர் கருத்துக்கிணங்க, 1936 டிசெம்பரில் பைஸ்பூர் என்னும் கிராமத்திலே சபை கூடியது. அலங்காரப் பொறுப்பு நந்தலாலுடையது. பட்டும் சரிகையும் வேண்டா. அவ்வூரிலே கிடைக்கும் மூங்கிலும் வைக்கோலும் கூடையும் பானையுமே போதும் என்பது இருவருக்கும் ஒத்த கருத்து. 1938 பெப்ரவரியில் குஜராத்திலுள்ள ஹரிபுராவிலே, சுபாஷ் சந்திர போஸ் அவர்களின் தலைமையில் அடுத்த பெருங்கூட்டம் கூடியது. அதற்காக நந்தலாலும் அவர்தம் மாணாக்கரும் ஏறக்குறைய நானூறு சித்திரங்கள் தீட்டினர். அவற்றுள் எண்பதுக்கு மேற்பட்டவை ஆசிரியரின் கைப்பட எழுதியவை. கையாற் செய்த தாள், வைக்கோல் அட்டை, மண்ணிலிருந்து எடுத்த காவியும் மஞ்சளும் கருமையும், பசை கூட்டிய நீர்வண்ணம். சாந்தி நிகேதனத்துச் செம்மண் தெருவிலே பல ஆண்டு கண்ட வடிவங்களே அவற்றில் இருந்தன. குயவன், தச்சன், தையற்காரன், செருப்புத் தைப்போன், மத்தளம் கொட்டுவோன், நூல் நூற்பவள், நெல் குற்றுவோர், காது குடைந்து பிழைப்பவன்.

கண்ணாடிச் சட்டத்துள்ளே வைத்துக் காட்டும் படங்களல்ல இவை. வாயில்களிலும் பந்தல்களிலும், வெயிலிலும் காற்றிலும் தொங்கின. எழுத்தறியாத உழவர் ஆயிரக்கணக்கில் அவ்வழியே நடந்தனர். அரண்மனைச் சுவரிலும் கோயிற் சுவரிலும் பிறரைக் கண்டு பழகிய அம்மக்கள், கோயில் மாடம் போன்ற வளைவுக்குள்ளே தம் தொழிலைத் தாமே செய்து நிற்பதைக் கண்டனர். தெய்வத்துக்குரிய மாடத்திலே காது குடைபவனை வைத்தது நந்தலாலின் தூரிகை. குறியீடு என்பதை விளக்க இதனினும் மேலான உதாரணம் யான் அறியேன்.

ஆயினும் ஊர்ப்புற வாழ்வை அழகுறத் தீட்டுவோர்க்கு ஒரு சோதனை எப்போதும் காத்திருக்கிறது. அழகிய குடிலுக்குள்ளே பசி இருக்குமாயின் அவ்வழகு பொய்யாகாதோ? ஹரிபுராவுக்கு ஐந்தாண்டுகளின் பின், 1943இல், வங்கத்தைப் பெரும்பஞ்சம் தாக்கிற்று. மாண்டோர் தொகையை முப்பது இலட்சம்வரை மதிப்பிடுவோர் உளர். நந்தலால் எழுதிய அதே உழவரும் அதே குயவரும் கல்கத்தா வீதிகளிலே கஞ்சித் தண்ணீருக்கு அலைந்து வீழ்ந்தனர். அவ்வாண்டு அவர் 'அன்னபூரணி' என்னும் சித்திரத்தைத் தீட்டினார். தாமரையிலே அமர்ந்த அன்னை கையிலே சோற்றுக் கலம். எதிரே கையேந்தி ஆடி நிற்பவர் சிவபிரான்; ஆனால் தசையில்லை; எலும்புக்கூடே உரு. இளமையிலே நஞ்சுண்ட இறைவனைத் தீட்டிய கை, அறுபதாவது வயதிலே சோறின்றி மெலிந்த இறைவனைத் தீட்டிற்று. சைவராகிய நமக்கு அப்படத்தைக் கண்டு நடுங்காதிருத்தல் இயலாது. புராணத்தை விட்டு ஊருக்கு வந்தவர், ஊரின் துயரத்தைச் சொல்லப் புராணத்துக்கு மீண்டார். ஆனால் மீண்டபோது அப்புராணத்துக்குள்ளே ஊர் நுழைந்திருந்தது.

அதன்பின் அவருக்கு வந்த பெருமைகள் பல. சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு நூல் கையெழுத்துப் பிரதியாக உருவானபோது, அதன் பக்கங்களைச் சித்திரங்களால் அணிசெய்யும் பணி அவருக்கும் அவர்தம் மாணாக்கருக்கும் அளிக்கப்பட்டது. 1954இல் பத்மவிபூஷண் விருது வழங்கப்பட்டது. வினோதவிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ், கே. ஜி. சுப்பிரமணியன் என அவரிடம் பயின்று புகழ்பெற்றோர் பலர். திரைப்பட மேதை சத்தியஜித் ராயும் சில காலம் அவரிடம் பயின்றவரே. முதுமையிலே வண்ணங்களும் குறைந்தன. கருமையும் நீரும் வெறுந்தாளுமாக, ஒரு மரம், ஒரு மேடு, நடந்து செல்லும் ஓர் ஆள் என்று சிறு படங்கள் எழுதிவந்தார். 1966 ஏப்ரில் 16ஆந் திகதி, எண்பத்து மூன்றாவது வயதில் மறைந்தார். அவருடைய படங்களும் வரைவுகளுமாக ஆயிரக்கணக்கானவை தில்லியிலுள்ள தேசிய நவீன ஓவியக் கூடத்திலே பேணப்படுகின்றன.

அந்நூலை மூடியபோது என் கண்முன் நின்றது அச்சிறுமியின் தாள். ஷெல்வீச்சிலே தலையிழந்த பனைகளை வடலிப் பருவத்திலிருந்து அறிந்த பிள்ளை அவள். பட்ட பனையின் பொந்திலே கிளி கூடு கட்டும் என்பதும் அவள் கண்டறிந்த உண்மை. வேறொன்றையும் அவள் சொல்ல முயலவில்லை. தகரக் கூரையும் இயந்திரமும் தலையற்ற பனையும் அவள் நிலத்துக் கருப்பொருள். அதிலிருந்து எழுந்த பொருளை, முப்பது ஆண்டு இறைச்சியும் உள்ளுறையும் கற்பித்த யான் கண்டிலேன். சங்கச் செய்யுளிலே வந்திருந்தால் பக்கம் பக்கமாக உரை எழுதியிருப்பேன். ஒரு பிள்ளையின் தாளிலே வந்தமையால் தலையசைத்துத் தள்ளினேன். பிழை எனதே.

மறுவாரம் அப்பாடசாலைக்குச் சென்று விசாரித்தேன். பரிசு பெற்ற தாள்கள் சுவரிலே இருந்தன, ஏனையவற்றை அப்புறப்படுத்திவிட்டனர். அச்சிறுமியும் தவணை முடிவிலே ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

அன்று தொடக்கம் என் வகுப்பிலே ஒரு வழக்கத்தை மேற்கொண்டுள்ளேன். அகத்திணையியல் தொடங்கும் நாளில் கருப்பொருட் பட்டியலை மனனஞ் செய்யுமாறு சொல்வதில்லை. தத்தம் வளவிலே உள்ள மரம், புள், கருவி, தொழில், ஓசை ஆகிய ஐந்தையும் கண்ணாற் கண்டு, காதாற் கேட்டு, மறுநாள் எழுதி வருமாறு சொல்கிறேன். முதலாண்டு அவ்வாறு எழுதி வந்த ஒரு மாணவன், ஓசை என்ற இடத்திலே நீரிறைக்கும் இயந்திரத்தின் ஒலியைக் குறித்திருந்தான். துலா ஏறி இறங்கும் ஓசையையே எதிர்பார்த்துச் சிவப்பு மையை எடுத்த யான், பேனாவை மூடி வைத்தேன்.